ஃபேக்ஸ் எண்

சவரிமுத்துவிடம் மூன்று தண்ணீர் லாரி.
ஒன்றின் வால்வு எப்போதும் ஒழுகும்.
கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் கூட்ரோடு வரை
அது போன தடம் தாரில் ஈரக்கோடாய்க் கிடக்கும்
வெயில் குடித்து முடிக்கும்வரை.

தண்ணீர் கேட்பவர்களுக்குப் போன கத்திரியில்
ஒரு ஃபார்ம் செய்து கொடுத்தேன்.
பெயர், போன், தெரு, எத்தனை லிட்டர், எந்த நேரம்.
நிரப்பி அனுப்பினால் கடல் தாண்டி
யாருடையதோ ஒரு சர்வரில் போய் உட்காரும்.

இந்தக் கத்திரியில் சொன்னார்:
"ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம்
எவனாவது லோடு கேக்குறான்.
நான் தூங்கணும். படிக்க ஒரு ஆளப் போடு."

போட்டேன்.
டீ கேட்காத, தீபாவளிக்குப் போனஸ் கேட்காத ஆள்.

சாவி நாற்பது எழுத்து. வாய்விட்டுப் படித்தால் நாக்கு பிசகும்.
ஏஜென்ட்டிடம் கொடுக்குமுன் எல்லை வகுத்தேன்:
படிக்கலாம், அழிக்கக் கூடாது.
டிரைவருக்குச் செய்தி அனுப்பலாம், விலை பேசக் கூடாது.
புதிதாய்க் குடிவந்தவருக்கு
மோட்டார் சுவிட்ச் எது, மாடி விளக்கு எது என்று
காட்டுவதுபோல.

முதல் முயற்சி: அனுமதி இல்லை.
இரண்டாவது: அனுமதி இல்லை.
சாவியின் கடைசியில் ஒரு காலி இடம்
பெசன்ட் நகரிலிருந்து செருப்போடு வந்த மணலாய்
ஒட்டிக்கொண்டிருந்தது.
தட்டிவிட்டேன். திறந்தது.

சோதித்துப் பார் என்றேன்.
பெயர்: சோதனை. தெரு: சோதனை. ஆறாயிரம் லிட்டர்.
அனுப்பியது. வந்து சேரவில்லை.
மறுபடி அனுப்பியது.
இரண்டும் ஸ்பேமில் கிடந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, நானே வைத்த பொறி.
திரையில் தெரியாத ஒரு கட்டம், பெயர் ஃபேக்ஸ் எண்.
மனிதர் கண்ணில் படாது, நிரப்பமாட்டார்.
இயந்திரம் நிரப்பும், மாட்டும்.
கருவாடு வைத்தவள் வீட்டுப் பூனையே சிக்கிக்கொண்டது.
சிரித்தேன்.

அது சிரிக்கவில்லை.
"இதே பெட்டியில் இன்னும் 212 இருக்கின்றன. படிக்கவா?"
குப்பை, விடு என்று தட்டப் போனவள்
ஏனோ, படி என்றேன்.

இருநூற்று ஐந்து: கடன், சூதாட்டம், முடி வளரும் எண்ணெய்.
ஏழு: ஒரே ஆள்.

தில்ஷாத் பேகம், நன்மங்கலம், மூன்றாம் குறுக்குத் தெரு.
ஆறாயிரம் லிட்டர். காலை ஆறு மணி.
ஃபேக்ஸ் எண்: இல்லை.
பதினோரு நாளில் ஏழு முறை.
ஐந்தாவதில், அந்தக் கட்டத்துக்குள்ளேயே:
ஃபேக்ஸ் இல்லாதவங்களுக்குத் தண்ணி கிடையாதா?
ஏழாவதில்
எங்கோ விசாரித்து வாங்கிய
ஒரு ஜெராக்ஸ் கடையின் எண்.

அழைத்தேன்.
பின்னால் ஒரு குரல் மூச்சுவிடாமல்
எதையோ படித்துக்கொண்டிருந்தது.
"இருங்க, இத நிறுத்திக்கிறேன்" என்றார்.
"எனக்குப் பார்வை இல்லீங்க. இது படிச்சுச் சொல்லும்.
சொன்னதையெல்லாம் எழுதினேன். தப்பாப் போச்சா?"

இல்லை என்று சொல்ல
எனக்கு வாய் வர நேரமானது.
மறைத்துவிட்டதாய் நினைத்தது
பார்க்கிறவர்களிடமிருந்து மட்டும்தான்.

ஒழுகும் லாரிதான் போனது, மற்ற இரண்டும் வெளியே.
சவரிமுத்து காசு வாங்கவில்லை.
என் பில்லில் கழித்துக்கொண்டார்.

ஃபேக்ஸ் கட்டத்தை அன்றிரவே எடுத்துவிட்டேன்.
பொறி போனதும் கூட்டம் நேராய் வாசலுக்கே வருகிறது.
நேற்று எண்ணெய் விற்க வந்த ஒருவன்
லிட்டர் என்ற இடத்தில் பன்னிரண்டாயிரம் போட்டிருக்கிறான்,
தெரு என்ற இடத்தில் ஒரு லிங்க்.

குப்பையில் தள்ளவில்லை ஏஜென்ட்.
அதற்கும் புத்தி வந்திருக்கிறது, அல்லது பயம்.
"முகவரி சரியாக இல்லை,
போன் செய்து கேட்கிறீர்களா?" என்கிறது
ராத்திரி இரண்டு மணிக்கு,
என்னிடம்.